ரெகுலா திறந்துவிட்ட தண்ணீர்

சனிக்கிழமைகளில் விஸி கூரை ஏறுவதில்லை, ஓடையில் இறங்கிவிடுவான். வாரம் முழுக்க வோல்ஹூசன் ஊர்க் கூரைகளில் ஓடு மாற்றிக் காய்த்துப்போன கைகள் அவனுடையவை. அந்தக் கைகளுக்கு நாப்ஃப் மலையிலிருந்து இறங்கி வரும் ஃபொன்டானே ஓடையின் குளிர்ந்த தண்ணீர் அத்தனை சுகம். ஒரு நாள் முழுக்கக் குனிந்து நின்று சரளையை அலசினாலும் கிடைக்கிற தங்கம் ஒரு நகக்கண்ணுக்குள் அடங்கிவிடும். தவிடுபோல மெல்லிய பொடி அது. ஆனால் கறுப்பு மணலை ஓரமாக ஒதுக்கும்போது தட்டின் அடியில் அந்த மஞ்சள் ஒருமுறை மினுக்கிவிட்டால் முதுகுவலியெல்லாம் எங்கோ போய்விடும். அதை விற்கும் எண்ணம் அவனுக்கு எப்போதும் இருந்ததில்லை.

அவனோடு ஓடைக்கு வருகிறவள் ரெகுலா. மலைப்பாதையில் ஆட்களை ஏற்றிப்போகும் மஞ்சள் தபால் பஸ் ஓட்டுகிறவள். ஒல்லியான உடம்பு, கூரிய மூக்கு, அவசரமே இல்லாத பேச்சு. பல வருடங்களுக்கு முன்னால் ஒரு தங்கம் அலசும் போட்டியில் இருவரும் அடுத்தடுத்து நின்றார்கள். விஸி முதலில் முடித்துவிட்டு நிமிர்ந்தான். போட்டி நடத்தியவர்கள் வாளி மணலில் எண்ணிப் போட்டிருந்த தங்கத் துகள்களில் பாதியைத் தண்ணீரோடு விட்டிருந்தான். கடைசியாக முடித்த ரெகுலாவிடம் ஒன்றுகூடத் தப்பவில்லை. அன்று ஆரம்பித்த சிநேகம் அது.

இரண்டு பேருக்கும் ஒத்துப்போகாத விஷயம் ஒன்றே ஒன்றுதான். பெரிய பாறைக்கு அடியில்தான் தங்கம் பதுங்கியிருக்கும் என்பது விஸியின் கட்சி. ரெகுலாவோ கரையில் நின்று ஓடையையே பார்த்துக்கொண்டிருப்பாள். தண்ணீர் எங்கே வேகம் குறைகிறது, எங்கே சுழன்று திரும்புகிறது என்று கண்ணாலேயே தடவிப் பார்த்த பிறகுதான் மண்வாரியை எடுப்பாள்.

"உன் பஸ்ஸும் இப்படித்தான் போகுதாமே. மாடுங்க எல்லாம் ஹார்ன் அடிச்சு முந்திட்டுப் போகுதாம்" என்பான் விஸி.

"நீ தங்கம் தேட வரல. பாறைங்ககூட மல்லுக்கட்ட வர்ற" என்பாள் அவள்.

ஆகஸ்ட் மாதக் கடைசியில் ஒரு சனிக்கிழமை. பள்ளத்தாக்கின் ஒடுங்கிய பகுதியில், படுத்திருக்கும் பசுவைப்போல ஒரு பாறை கிடந்தது. கூழாங்கற்கள் ஒன்றோடொன்று ஒட்டி இறுகிய பாறை. காலையிலிருந்து அதன் கீழ்ப்பக்கத்தைத் தோண்டிக்கொண்டிருந்தான் விஸி. தோண்டிய சரளையை ஓடையில் வைத்த நீளத் தொட்டியில் கொட்டினால், ஓடுகிற தண்ணீர் கல்லை அள்ளிப்போகும், கனமான தங்கம் அடியில் தங்கும். முதல் தட்டிலேயே மூன்று துகள்கள் தெரிந்துவிட்டன. அதோடு அவன் வேறு ஆளாகிவிட்டான். ரொட்டியும் வேகவைத்த தொத்திறைச்சியும் எடுத்துவைத்து ரெகுலா கூப்பிட்டபோதும் வரவில்லை. அடியில் ரொம்பக் குடைந்துவிட்டாய், போதும், வெளியே வா என்று அவள் சொல்லிப் பார்த்தாள். இன்னும் ஒரே ஒரு வாளி என்றான்.

அந்த வாளி நிறையவில்லை. சத்தமே இல்லாமல் பாறை ஒரு சாண் இறங்கியது. விஸி பின்னால் சாய்ந்து தண்ணீரில் உட்கார்ந்துவிட்டான். எழ முயன்றபோதுதான் இடது கால் வரவில்லை என்பது புரிந்தது. முழங்காலுக்குக் கீழே எல்லாம் பாறைக்கும் சரளைக்கும் நடுவில் இருந்தது.

ரெகுலா ஓடிவந்து கடப்பாரையைக் கொடுத்து நெம்பிப் பார்த்தாள். பாறை அசைந்தது, ஆனால் அவன் பக்கமாக. உடனே கடப்பாரையை எடுத்துவிட்டாள். விஸி பல்லைக் கடித்துக்கொண்டு கத்தாமல் இருந்தான். எலும்பு உடைந்துவிட்டதா என்று அவனுக்கே தெரியவில்லை. குளிரில் கால் மரத்துப்போயிருந்தது. அந்தப் பள்ளத்தாக்கில் கைபேசி வேலை செய்யாது. மேலே ஏறி விவசாயி ஃபிரிடோலினின் பண்ணைக்குப் போனால் ஆட்களைக் கூட்டிவரலாம். ஏறவும் இறங்கவும் நல்ல நேரம் பிடிக்கும்.

"போ ரெகுலா. போய்க் கூட்டிட்டு வா. நான் எங்க ஓடிடப் போறேன்" என்றான்.

அவள் போகவில்லை. தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கொஞ்ச நேரம் முன்புவரை அடித்தரை தெரியும் அளவுக்குத் தெளிவாக ஓடிய தண்ணீரில் லேசாகப் பால் கலந்தாற்போல ஒரு மங்கல். பைன் ஊசிகளும் சுள்ளிகளும் மிதந்து வந்தன. இங்கே வெயில் காய்ந்தது. மலைக்கு மேலே வானம் கறுத்திருந்தது. தூரத்தில் உருட்டுகிற சத்தம் ஒன்று கேட்டது.

"மேல மழை பெய்யுது. நான் போயிட்டு வர்றதுக்குள்ள நீ தண்ணிக்கு அடியில இருப்ப" என்றாள். வானிலை அறிக்கை வாசிப்பவள்போல அமைதியாகத்தான் சொன்னாள்.

முதலில் தட்டையான கற்களைத் தேடி எடுத்து, பாறைக்கு அடியில் இரண்டு பக்கமும் செருகி, சுத்தியலால் அடித்து இறுக்கினாள். பாறை இனி கீழே இறங்காது. அடுத்து அவனுக்கு மேற்புறமாகக் கரையிலிருந்து கற்களை அடுக்கி, இடுக்குகளில் பாசியும் புல்கட்டியும் திணித்து ஒரு சிறு அணை கட்டினாள். கை எட்டுகிற கற்களை விஸியும் உருட்டிக் கொடுத்தான். ஓடை மறுகரைப் பக்கம் ஒதுங்கியது. இடுப்புவரை இருந்த தண்ணீர் தொடைக்கு இறங்கியது.

அப்புறம் அவள் அவன் காலுக்குப் பக்கத்தில் மண்டியிட்டு, வெறும் கையால் சரளையை அள்ளத் தொடங்கினாள். மண்வாரி அங்கே நுழையவில்லை. ஒரு கை அள்ளினால் பக்கத்திலிருந்து ஒரு கை சரிந்து வந்து குழியை மூடியது. அவள் நிறுத்தவில்லை. விரல்நுனிகளில் தோல் உரிந்து தண்ணீர் சிவந்ததை விஸி பார்த்தான். அணைக்கு மேலாகப் பழுப்புத் தண்ணீர் வழிய ஆரம்பித்ததையும் பார்த்தான். பயத்தில் காலைப் பிடித்து வெறியோடு இழுத்தான். வலி உச்சந்தலைவரை ஏறியது.

ரெகுலா அள்ளுவதை நிறுத்திவிட்டுக் குழியையே பார்த்தாள். பிறகு எழுந்து மண்வாரியை எடுத்தாள். அவன் காலுக்குக் கீழ்ப்புறத்திலிருந்து ஓடையின் சரிவு நோக்கி ஆழமாக ஒரு வாய்க்கால் வெட்டினாள். அதை முடித்துவிட்டு அவன் முகத்துக்கு நேராக வந்து குனிந்தாள்.

"இப்ப அணையத் திறந்துவிடப் போறேன்."

"பைத்தியமா உனக்கு? என்னைய மூழ்கடிக்கவா?"

"நாம தொட்டியில சரளைய கைலயா அள்ளுறோம்? தண்ணிதான அள்ளிட்டுப் போகுது. உன் காலுக்கு அடியில இருக்கறதும் அதே சரளைதான். போக வழி இல்லாமத்தான் கெடக்கு. இப்ப வழி வெட்டிட்டேன்."

"கல்லு மறுபடி இறங்குச்சுன்னா?"

"இறங்காது. ஆப்பு வெச்சிருக்கேன்."

"தண்ணி எதுவரைக்கும் வரும்?"

"கழுத்து வரைக்கும் வரலாம். அதுக்கு மேல வந்தா உன் தலையத் தூக்கிப் பிடிச்சுக்கறேன். விட மாட்டேன்."

விஸி அவளைப் பார்த்தான். மூக்கிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. கண்ணில் மட்டும் எந்தக் கலக்கமும் இல்லை. எவ்வளவு உயரமான கூரையிலும் கயிறு கட்டாமல் நடந்தவன் அவன், தன் பாரத்தை வேறு யார் கையிலும் கொடுத்துப் பழகாதவன். சரி என்று தலையை ஆட்டினான்.

அவள் கற்களை இழுத்துத் தள்ளினாள். தேங்கியிருந்த தண்ணீர் மொத்தமும் அவன்மேல் பாய்ந்தது. மார்பில் அடித்து மூச்சை நிறுத்தியது, கழுத்துக்கு ஏறியது, தாடையைத் தொட்டது. ரெகுலா அவன் பின்னால் உட்கார்ந்து, இரண்டு கைகளையும் அவன் அக்குளில் கொடுத்து நிமிர்த்திப் பிடித்துக்கொண்டாள். அப்போது அவன் மரத்துப்போன காலில் ஏதோ ஊர்வதுபோல இருந்தது. ஒரு கல் நழுவியது. அடுத்து இன்னொன்று. பிறகு காலுக்கு அடியில் தரையே கரைந்து ஓடுவதுபோலச் சரளை கூட்டம் கூட்டமாக நகர்ந்தது. பாறை ஆப்புகளின்மேல் அசையாமல் நின்றது. கால் இரண்டு விரற்கடை தாழ்ந்தது.

"இழுக்காத. பூட்ஸ அங்கயே விட்டுரு. காலை மட்டும் திருப்பித் திருப்பி எடு" என்றாள் அவன் காதருகே.

ரப்பர் பூட்ஸைப் பாறையிடம் விட்டுவிட்டுக் கால் வெளியே வந்தது. அவள் அவனைப் பின்புறமாகவே இழுத்துக்கொண்டு போய்க் கரையில் போட்டாள். இரண்டு பேரும் வேர்களைப் பிடித்துக்கொண்டு இன்னும் கொஞ்சம் மேலே ஏறினார்கள். சற்று நேரத்தில் ஓடை காப்பி நிறத்தில் உறுமிக்கொண்டு வந்தது. தொட்டி, தட்டு, வாளி, ரொட்டிப்பை எல்லாம் போயின. அவன் உட்கார்ந்திருந்த இடத்தில் ஒரு மரக்கட்டை வந்து மோதித் திரும்பிப் போனதை விஸி பார்த்தான். அவள் தோளில் தலையைச் சாய்த்து அழுதான். அவள் அவன் முதுகைத் தட்டிக்கொடுத்துவிட்டு, ஃபிரிடோலினைக் கூப்பிட மேலே ஏறினாள்.

கணுக்காலில் எலும்பு விரிசல், கெண்டைக்காலில் பெரிய ரத்தக்கட்டு, அவ்வளவுதான். ரெகுலா கட்டுப் போட்ட விரல்களோடு பஸ் ஓட்டினாள். கேட்டவர்களிடம் ரோஜாச் செடி வெட்டினேன் என்றாளாம். விஸிதான் விடவில்லை. ஊர் மதுக்கடையில் மேசை மேசையாக உட்கார்ந்து, கரண்டிகளைப் பாறையாகவும் உப்புக்குடுவையைத் தன் காலாகவும் வைத்து, அவள் அணை கட்டியதையும் வாய்க்கால் வெட்டியதையும் விளக்கினான். தண்ணீருக்குப் பயந்து அணை கட்ட எவனுக்கும் தோன்றும், அதே தண்ணீரைத் திறந்துவிட யாருக்குத் தோன்றும் என்று கேட்பான். கேட்டவர்கள் ரெகுலாவுக்குச் சாராயம் கலந்த காப்பி வாங்கிக் கொடுத்தார்கள். அவள் நெளிந்தாள்.

அக்டோபரில் ஊன்றுகோலோடு அவளுடன் ஓடைக்குப் போனான். தண்ணீரில் இறங்க மருத்துவர் விடவில்லை. ஒரு விழுந்த மரத்தில் உட்கார்ந்து, அத்தனை வருடமும் பக்கத்திலேயே இருந்தும் பார்க்காததை அன்று முழுக்கப் பார்த்தான். வெள்ளம் ஓடையைப் புதிதாக எழுதிவிட்டுப் போயிருந்தது. அவள் கரையோரமாக மேலும் கீழும் நடந்தாள், நின்றாள், ஒரு சுள்ளியைத் தண்ணீரில் போட்டு அது போகும் வழியைப் பார்த்தாள். ஒரு வளைவின் உட்பக்கத்தில் போய்க் குனிந்தாள். தட்டு அவள் கையில் சுழலத் தொடங்கியது.

"என்னப்பா, பேச்சையே காணோம்? கால் வலிக்குதா?" என்று அங்கிருந்தே கேட்டாள்.

"இல்ல. அந்த வளைவு ஏன்னு யோசிக்கிறேன்."

"இங்க வந்து பாரு, சொல்றேன். கரையிலயே நில்லு, இறங்கிடாத."

விஸி ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு, ஈரக்கற்களில் ஒவ்வொரு அடியாகப் பார்த்து வைத்து அவளருகே போனான்.