ஏழாவது கட்டத்துக் கிணறு

"பழசுல இந்தக் கெணறே கெடையாது—"

"இருந்துச்சு—"

"நான் சொல்றேன் பாயிஸா, கெடையாது! புதுசா மெருகேத்தறேன்னு சொல்லிக்கினு கண்டதையும் கொண்டாந்து—"

"இருந்துச்சுண்ணா. அதுல எறங்கித்தான் அந்தாண்ட போவணும்."

"உனக்கு இன்னா தெரியும்? இந்த கேம முடிச்சது நானா, நீயா?"

கள்ளக்குறிச்சி மந்தைவெளியில் அந்த வீட்டில் இந்தக் கேள்விக்கு இருபது வருடத்துக்கும் மேலாக ஒரே பதில்தான். முடித்தது சுஐப்.

2003-ல் அத்தா காஜா மைதீன் ஒரு கம்ப்யூட்டர் வாங்கி வந்தார். மகனும் மகளும் தினமும் அதற்காக முடியைப் பிடித்துக்கொண்டார்கள். அத்தா தீர்ப்பு சொன்னார்: அந்தச் சிறைக்கோட்டை கேமை யார் முதலில் முடிக்கிறார்களோ, பெட்டி அவர்களுக்கு. நேர்மையான மனிதர். கேம் என்றால் என்னவென்றே தெரியாததால் கொஞ்சம் கூடுதலாகவே நேர்மையாக இருக்க முடிந்தது. ஒரு மாதம் கழித்து சுஐப் அவரைக் கூப்பிட்டுக் காட்டினான். கோட்டைக் கதவு திறந்தது, திரை கறுப்பானது. "முடிஞ்சிடுச்சுத்தா." அத்தா தெருவுக்கே பாதுஷா கொடுத்தார். நான் இன்னும் முடிக்கவில்லையே என்று பாயிஸா அழுதாள். முடிந்துபோன ஒன்றை எப்படியம்மா முடிப்பாய் என்று எல்லோரும் அன்பாக விளக்கினார்கள். கம்ப்யூட்டர் சுஐபோடு திருச்சி ஹாஸ்டலுக்குப் போனது. பாயிஸாவை மட்டும் விட்டுவிடுவார்களா? அவளுக்கும் ஒரு மெஷின் வந்தது. தையல் மெஷின்.

இப்போது சுஐப் கச்சேரி ரோட்டில் செல்போன் கடை வைத்திருக்கிறான். அதே கேம் படமெல்லாம் புதிதாக மெருகேற்றி ரீமாஸ்டராகத் திரும்ப வந்ததும் முதல் நாளே வாங்கிவிட்டான். கோட்டையில் ஒவ்வொரு செங்கல்லும் தனித்தனியாகத் தெரிகிறது. காவல்காரன் மூக்கில் வேர்வைகூடத் தெரிகிறது. ஞாயிற்றுக்கிழமை மலைமேல் கரியாலூரில் ரூம் போட்டு, பழைய கூட்டாளிகள் முன்னால் ஒரே உட்காரலில் கண்ணை மூடிக்கொண்டு முடித்துக்காட்டுவதாகச் சொல்லியிருக்கிறான். இன்று வெள்ளி. அம்மா வீட்டில் பிரியாணி சாப்பிட்டுவிட்டு, கண்ணை நன்றாகத் திறந்துகொண்டு, இரண்டு மணி நேரமாக லேப்டாப்பில் ஏழாவது கட்டத்து முற்றத்தையே சுற்றி வருகிறான்.

யாரோ ஒரு புண்ணியவான் இந்த கேமுக்குத் தமிழ் வசனம் எழுதி, கேமோடு ஒட்டிக்கொள்கிற மாதிரி மோட் ஒன்று செய்து இணையத்தில் சும்மாவே விட்டிருந்தான். அது வசதியாகப் போயிற்று அம்மா ஷர்புன்னிசாவுக்கு. கண் ஆபரேஷன் ஆனதிலிருந்து ஊறுகாய் பாட்டிலில் ஒட்டியிருப்பதைக்கூட உரக்கப் படிக்கிறவர்.

"'கைதியே, உன் விதி இம்முற்றத்திலேயே முடியும்'. இன்னாடா இவன், இவ்ளோ மரியாதையா திட்றான்?"

"கொஞ்சம் சும்மா இருங்கம்மா."

"நான் சும்மாதான் இருக்கேன். நீதான் செத்துக்கினே இருக்க. இதோட பதினாலு தடவ."

பாயிஸா பின்னால் நின்றுகொண்டு பூண்டு உரித்தாள். "பழசுல எப்படிண்ணா வெளிய போன?"

"நேரா, கதவு வழியா."

"கதவுல பூட்டு?"

"அப்ப கெடையாது."

"காவக்காரன்?"

"இருந்தான்... தூங்கிக்கினு இருந்தான்."

"பூட்டு இல்ல, காவக்காரன் தூங்கறான். அது ஜெயிலா, சத்திரமா?"

"அன்னிக்கு கேமெல்லாம் ஈஸியா இருக்கும்டி. இப்பதான் கஷ்டம் ஜாஸ்தி பண்ணி—"

"எஃப் ஒண்ண அமுக்கு."

"எதுக்கு?"

"'பழைய தோற்றத்தைக் காண எஃப் ஒன்றை அழுத்துக'," என்றார் அம்மா. "நீ சாவற ஒவ்வொரு தடவையும் கீழ வருது. நானும் படிச்சிக்கினேதான் இருக்கேன். யாரு கேக்கறா?"

சுஐபுக்குத் திடீரென்று கடை ஞாபகம் வந்தது.

"நேரமாச்சும்மா, கடைய தொறக்கணும்."

"வெள்ளிக்கெழமைல நீ அஞ்சு மணிக்குத்தானே தொறப்ப?" என்று சொல்லிக்கொண்டே பாயிஸா எட்டி அந்தப் பட்டனை அமுக்கினாள்.

செங்கல் போயிற்று. மூக்கு வேர்வை போயிற்று. மூக்கே போயிற்று. சேற்று நிறத்தில் கட்டம் கட்டமாக அன்றைய முற்றம். மூலையில் தகர டப்பா மாதிரி ஒன்று, மேலே கயிறு.

"அது... தொட்டி," என்றான் சுஐப்.

"தொட்டிக்கு எதுக்கு ராட்டினமும் கயிறும்? தள்ளு."

பூண்டுக் கையோடு உட்கார்ந்தாள். கிணற்றுக்குள் இறங்கினாள், சாக்கடை வழியாகப் போனாள், காவல்காரன் முதுகுக்குப் பின்னால் எழுந்தாள், சாவியை உருவினாள். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. ஒரு இடத்திலும் நின்று யோசிக்கவில்லை.

"நீ இதெல்லாம் எப்படி ஆடுன?" என்றார் அம்மா.

"அண்ணன் டியூஷன் போறப்போ. கதவுகிட்ட வந்ததும், அடுத்த தடவ அங்கேர்ந்தே ஆடலாம்னு என் பேர் போட்டு சேவ் பண்ணேன். அப்பால கதவ தொறந்தேன், ஸ்கிரீன் கறுப்பாயிடுச்சு. பொட்டிய கெடுத்துட்டேன்னு நெனச்சு பயந்துக்கினு எழுந்து போயிட்டேன். மறுநாள் அண்ணன் முடிச்சிடுச்சு."

பேசிக்கொண்டே கோட்டைக் கதவைத் திறந்தாள். இந்த முறை கறுப்பாகவில்லை. வெளியே வெயில், மலை, நீண்ட பாதை.

"'ஏழாம் கட்டம் நிறைவு'," என்று அம்மா படித்தார். "'இன்னும் ஐந்து கட்டங்கள் உள்ளன'. ஏண்டா, அஞ்சு பாக்கி கீதாமே? எதுக்குடா தெருவுக்கெல்லாம் பாதுஷா குடுத்தோம்?"

"அது பாண்டில வாங்கின டூப்ளிகேட் சிடிம்மா!" சுஐபுக்குக் குரல் திரும்பியது. "பத்து கேம ஒரே சிடில அடக்கணும்னு பாதிய வெட்டிட்டானுங்க. எனக்கு எப்படித் தெரியும்? இருந்த வரைக்கும் நான் முடிச்சேன்ல?"

"எனக்கு அந்தப் பொட்டி வாணாம்ண்ணா," என்றாள் பாயிஸா, திரையை விட்டுக் கண் எடுக்காமல். "அது எடைக்குப் போயே எத்தினியோ வருஷம் ஆச்சு. இருந்த வரைக்கும் முடிச்சது யாருன்னு அம்மாகிட்ட ஒரு வார்த்த சொல்லிடு, போதும்."

"நான்தான்! அத்தாவே நேர்ல பாத்தாரு இல்ல? கதவு தொறந்துச்சு இல்ல?"

அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு, முதல்முறையாகத் திரையை விட்டு மகனைப் பார்த்தார்.

"தொறந்துச்சுதான், சுஐபு. கெணறே தெரியாத நீ அந்தக் கதவுகிட்ட எப்படிடா போன?"