சத்தமாகச் சொல்லக் கூடாத நிறை

என் சமையலில் குறை சொல்பவர்களை எனக்குக் கண்ணிலும் காட்டக் கூடாது. பண்டத்தரிப்புப் பக்கத்துச் சின்னப் பள்ளிக்கூடம் ஒன்றில் நாற்பத்திமூன்று பிள்ளைகளுக்கு மதியச் சாப்பாடு சமைப்பது நான்தான். சோறு, பயறு, முட்டை, முருங்கையிலை வறை. சட்டியில் ஒரு பருக்கை மிஞ்சாது. அப்படியிருக்க, சுகாதாரப் பரிசோதகர் குகதாசன் போன தடவை என்ன சொன்னார் தெரியுமா?

"கமலாவதியக்கா, ஒண்டரை வருசமா ஒரு பிள்ளையும் நிறை கூடேல்லை. அடுத்த முறையும் இப்பிடியெண்டால், சமையலை வேறை ஆளிட்டைக் குடுக்கச் சொல்லித்தான் எழுதுவன்."

என் மகள் மதுராவும் அங்கேதான் மூன்றாம் வகுப்பில் படிக்கிறாள். போன வருடம் தைத்த சட்டை அவளுக்கு இடுப்பில் பூட்டுப்படவில்லை. நிறை கூடாமல் சட்டை எப்படி இறுகும்?

ஆகவே இன்று நிறை பார்க்கும் நேரம் அடுப்பை அப்படியே விட்டுவிட்டு, அகப்பையும் கையுமாகப் போய்த் தராசடியில் நின்றேன். பரிசோதகர் மேசையிலிருந்து எழுதினார். வகுப்பாசிரியர் ஜெயதீபன் சேர் தராசைக் குனிந்து பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தார். யதுசன் என்ற பொடியன் ஏறினான்.

"பத்தொன்பது" என்றார் சேர்.

எட்டிப் பார்த்தேன். இருபத்திமூன்று!

"ஐயோ, உதென்ன பொய் சேர்? என்ரை சோத்திலை மண்ணள்ளிப் போடவோ நிக்கிறியள்?"

சேருக்கு முகம் வெளிறிவிட்டது. "கோவிக்காதேங்கோ அக்கா. கூடின நிறையைச் சத்தமாச் சொன்னால் பிள்ளையளுக்குக் கண்ணூறு, நாவூறு படுமெண்டு தாய்மார் சொல்லிப்போட்டினம். அதுதான் எல்லாருக்கும் பழைய நிறையையே சொல்லிக்கொண்டு வாறன்."

"எந்த விசரி வந்து அப்பிடிச் சொன்னவள்? ஆளைக் காட்டுங்கோ பாப்பம்!"

சேர் கூரையைப் பார்த்தார். நிலத்தைப் பார்த்தார்.

"முதல்முதல் வந்து சொன்னது நீங்கள்தான் அக்கா, மதுராவுக்காக. பிறகுதான் மற்றவை வந்தவை."

அகப்பை கைநழுவி விழுந்தது. உண்மைதான். ஒன்றரை வருடத்துக்கு முன், மதுராவின் கூடின நிறையைச் சத்தமாகச் சொன்ன அன்றிரவே அவளுக்குக் காய்ச்சல் வந்தது. விடிந்ததும் ஓடிவந்து சேரைக் கெஞ்சியவள் நான்தான்.

பரிசோதகர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "எல்லாரையும் திருப்பி நிறுப்பம். இந்தமுறை நீங்கள்தான் வாசிக்கவேணும், அக்கா. சத்தமா!"

வாசித்தேன். மூன்று கிலோ கூடியவன், நான்கு கிலோ கூடியவள். ஒவ்வொன்றுக்கும் பிள்ளைகள் கைதட்ட, என் குரலும் ஏறிக்கொண்டே போனது. கடைசியாக மதுரா ஏறினாள். தராசைப் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டேன். பெற்றவள் கண்தான் பொல்லாத கண் என்பார்களே.

"சொல்லுங்கோவன் அம்மா!"

"இருபத்தாறு!" என்று கத்தினேன். றோட்டில் போனவர்களும் திரும்பிப் பார்த்திருப்பார்கள். சந்தோசத்தில் அழுகை வந்துவிட்டது.

உடனே குசினிக்கு ஓடி, உப்பும் செத்தல் மிளகாயும் கைநிறைய அள்ளிவந்து, நாற்பத்திமூன்று தலைகளையும் சேர்த்துச் சுற்றி அடுப்பில் போட்டேன். நெடி ஏறாவிட்டால்தான் நாவூறு பட்டிருக்கிறது என்று அர்த்தம். ஏறியது! பள்ளிக்கூடமே இருமிச் சிரித்தது.

சமையலை மாற்றத் தேவையில்லை என்று இருமி இருமியே எழுதிவிட்டு, பரிசோதகரும் ஒரு தட்டை எடுத்துக்கொண்டு சாப்பாட்டு வரிசையில் மதுராவுக்குப் பின்னால் வந்து நின்றார்.