பொருள்: ஏழாம் பெட்டியின் மரப்படி

1

முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இந்தக் கதை கடிதமாகப் பிறந்தது. அதுவும் நன்றிக் கடிதம். கதை எழுதும் ஆசை எனக்கு எந்தக் காலத்திலும் இருந்ததில்லை.

நான் படித்தது சின்ன ஊர்ப் பள்ளியில். கட்டுரையில் கோட்டை விட்ட மதிப்பெண்ணையெல்லாம் கடிதத்தில் பிடித்துவிடுவேன். அனுப்புநர், பெறுநர், பொருள் ஒரே வரியில், பத்திக்குப் பத்தி எண். அந்தப் பழக்கம் என்னைக் குடிநீர் வாரியத்தின் தபால் பிரிவுக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது. முப்பத்தொரு வருடம். ஓய்வு பெற்ற பிறகும் கை சும்மா இருப்பதில்லை. தெருவிளக்கு எரியாவிட்டால் ஒரு கடிதம், சரிசெய்தால் நன்றி சொல்லி இன்னொன்று.

தொடக்கம் மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன்.

(அ) "ரயில் மெல்ல நகர்ந்தது. ஜன்னலோரம் அமர்ந்திருந்த அவள்—" வேண்டாம். எல்லா ரயில் கதையும் இப்படித்தான் மெல்ல நகர்கிறது.

(ஆ) "ஐயா, கடந்த மாதம் ஆறாம் தேதி நானும் என் அக்காவும்—" இதுதான் வினை. இதை ஏற்கெனவே ஒருமுறை எழுதி அனுப்பிவிட்டேன்.

(இ) ஒரு நல்ல மனிதரின் வேலைக்கு நான் உலை வைத்தேன்.

மூன்றாவது இருக்கட்டும்.

2

வருடத்துக்கு இரண்டு முறை நானும் அக்காவும் முப்பத்து நான்கு மணி நேரம் ஓடுகிற ரயிலில் ஏறுவோம். கடைசி நிலையத்தில் இறங்குவோம். அங்கேயே ஓய்வறையில் தங்கி, மறுநாள் அதே ரயிலில் திரும்பிவிடுவோம். அந்த ஊரில் எங்களுக்கு யாரும் இல்லை. பார்க்க வேண்டிய இடங்கள் நிறைய இருக்கிறதாம். ஒன்றையும் பார்த்ததில்லை.

"விமானத்துல போனா ரெண்டு மணி நேரம் அத்தை," என்பார் என் மருமகன். "எதுக்கு உடம்பை இப்படிப் போட்டு வருத்திக்கிறீங்க?"

"ரெண்டு மணி நேரத்துல போய் இறங்கி அங்க என்ன பண்ணுறது மாப்பிள்ளை?" என்பாள் அக்கா. "எங்களுக்குத்தான் அங்க ஒரு வேலையும் இல்லையே."

(இந்த இடத்தில் ஒரு காரணம் வேண்டும் என்று கதை எதிர்பார்க்கிறது. ரயிலில் பிரிந்துபோன யாரோ, சின்ன வயதில் நிறைவேறாத ஏதோ. கிடையாது. ரயிலில் போவது பிடித்திருக்கிறது. அறுபது தாண்டிய இரண்டு பெண்கள் ஒன்றை ஆசைப்பட்டுச் செய்தால் அதற்குப் பின்னால் சோகம் இருந்தே தீர வேண்டும் என்று யார் சொன்னது?)

பிடித்ததைப் பட்டியல் போடமாட்டேன். ஒன்று மட்டும். பாலத்தின் மேல் ஏறியதும் சக்கரச் சத்தம் திடீரென்று மாறும். அப்போது அக்கா பேச்சைப் பாதியில் நிறுத்திவிடுவாள். அவளைப் பாதிப் பேச்சில் நிறுத்தக்கூடியது உலகத்தில் அந்த ஒன்றுதான்.

3

இனி அந்த மனிதர். ஏழாம் பெட்டியின் பணியாளர். போர்வையும் தலையணையும் கொடுப்பது, பெட்டியைச் சுத்தமாக வைத்திருப்பது, கதவைப் பார்த்துக்கொள்வது அவர் வேலை. வயது நாற்பதுக்குள். கதவருகே கூட்டம் முண்டியடித்தால் "பொறுமை, பொறுமை, வண்டி உங்களை விட்டுட்டுப் போகாது" என்பார். அக்கா அவருக்குப் 'பொறுமை' என்றே பெயர் வைத்துவிட்டாள்.

அவர்மேல் அக்காவுக்கு ஒரே ஒரு மனக்குறை. என்னை அவர் "அக்கா" என்பார், அவளைப் "பெரியம்மா" என்பார்.

"எங்களுக்குள்ள மூணு வயசுதான் தம்பி வித்தியாசம்!"

"சரிங்க பெரியம்மா," என்று சிரித்துக்கொண்டே போய்விடுவார்.

எங்கள் நிலையத்தில் ஏழாம் பெட்டி நிற்கும் இடத்தில் பிளாட்பாரம் தாழ்ந்துவிடும். வண்டியின் முதல் படிக்கும் தரைக்கும் நடுவே இடுப்பளவு உயரம். அக்காவுக்கு வலது முழங்கால் மடங்காது. பொறுமை பழைய பலகைகளை வெட்டி, ஆணி அடித்து, ஒரு மரப்படி செய்து வைத்திருந்தார். கதவு திறந்ததும் முதலில் படி இறங்கும். பிறகுதான் அவர் இறங்குவார்.

ரயில்வேக்கு எழுதிய நன்றிக் கடிதத்தில் இதை முதல் பத்தியாகப் போட்டேன். எண் 1, பகல் 12.10. எண் 2: சமையல் பெட்டிக்குள் தானே போய்ச் சுடுநீர் பிடித்து வந்து, அக்காவின் முழங்காலுக்கு ஒத்தடம் கொடுக்க உதவினார், மாலை 4.35. எண் 3: பூட்டியிருந்த தனியறையைத் திறந்து, அகலமான ஜன்னல் வழியாகப் பாலத்தைப் பார்க்க எங்களை அரை மணி நேரம் உட்கார வைத்தார், மறுநாள் காலை 9.20 முதல் 9.50 வரை. எண் 4: இடையில் ஒரு நிலையத்தில் நான் கடிதம் போட இறங்கி*, தபால் பெட்டி மறுகோடியில் இருந்ததால் திரும்பத் தாமதமானபோது, ஒரு காலைப் படியிலும் ஒரு காலைத் தரையிலும் வைத்து, ரயில் கார்டுக்குக் கைகாட்டி, வண்டியை நாற்பது விநாடி நிறுத்தி வைத்தார்.

நாற்பது விநாடி. என் கைக்கடிகாரத்தில் விநாடி முள் உண்டு.

தேதியும் நேரமும் இல்லாத நன்றி வெறும் உபசாரம் என்பது என் கொள்கை.

(* யாருக்குக் கடிதம் என்று கேட்பீர்கள். தெருவிளக்கைச் சரிசெய்தவர்களுக்கு.)

4

மூன்று வாரம் கழித்துப் பதில் வந்தது. "தங்கள் புகார் எண் 212 தொடர்பாக" என்று ஆரம்பித்தது. புகாரின் நான்கு பத்திகளிலும் விதிமீறல் இருப்பதால் பணியாளர் ரயில் பணியிலிருந்து விலக்கப்பட்டுள்ளார். சாட்சி என்ற முறையில் நான் பதினான்காம் தேதி காலை பதினொரு மணிக்கு விசாரணைக்கு வரவேண்டும்.

அக்கா இரண்டு முறை படித்தாள்.

"அடியே, நீ திட்டி எழுதியிருந்தாக்கூட அவனுக்கு இவ்வளவு கெடுதல் வந்திருக்காதுடி."

5

(இந்தப் பகுதியைக் கிழித்துப் போட்டேன். பிறகு பொறுக்கி எடுத்து ஒட்டினேன். ஒட்டு தெரிந்தால் தெரியட்டும்.)

வாரியத்தில் முப்பத்தொரு வருடத்தில் ஒரே ஒரு பாராட்டுக் கடிதம் என் மேஜைக்கு வந்தது. ஒரு வீட்டில் சாவு. குழாய் திறப்பவர் அந்தத் தெருவுக்கு மட்டும் இருபது நிமிடம் கூடுதலாகத் தண்ணீர் விட்டிருந்தார். அந்த வீட்டுக்காரர் உருகி எழுதியிருந்தார். வரும் கடிதங்களுக்கு என்னிடம் இருந்த பதிவேடுகள் இரண்டு: கோரிக்கை, புகார். அது கோரிக்கை இல்லை. ஆகவே—

அந்தக் குழாய்க்காரர் ஊருக்கு வெளியே உள்ள நீரேற்று நிலையத்துக்கு மாற்றப்பட்டார் என்று பிறகு கேள்விப்பட்டேன். பதிவு எண் போட்டது நான்தான். கையெழுத்து முத்து முத்தாக இருந்திருக்கும்.

6

விசாரணை அதிகாரியை வில்லனாக்க மூன்று முறை முயன்றேன். முதல் பிரதியில் அவருக்கு முறுக்கு மீசை வைத்தேன். இரண்டாவதில் எங்களை நிற்க வைத்தேன். உண்மையில் அவர் எழுந்து வந்து அக்காவுக்கு நாற்காலியை இழுத்துப் போட்டார். மேஜைமேல் அவருடைய சாப்பாட்டுப் பை மூடியபடி இருந்தது. நல்ல மனிதரை வைத்துக்கொண்டு எப்படிக் கோபப்படுவது? ஆனாலும் கோபம் இருக்கிறது. எங்கே வைப்பது என்றுதான் தெரியவில்லை.

"இந்த லெட்டர் நீங்க எழுதினதுதானேம்மா?"

"ஆமாங்க. ஆனா புகார் இல்லை. நன்றி."

"படிச்சாலே தெரியுது. ரொம்பத் தெளிவா எழுதியிருக்கீங்க. அதுதான் சிக்கலே. மணி, நிமிஷம், செகண்டு எல்லாம் இருக்கு. இவ்வளவு ஆதாரத்தோட ஒரு புகாரை நான் பார்த்ததே இல்லை."

"நன்றிக்குத் தனி ரிஜிஸ்டர் இல்லையா?"

"வந்தாத்தானேம்மா ரிஜிஸ்டர் போடுறதுக்கு?"

அக்காவால் அதற்குமேல் சும்மா இருக்க முடியவில்லை. "சார், அவரு படி போடலைன்னா நான் விழுந்திருப்பேன். விழுந்தா எழுத ரிஜிஸ்டர் இருக்கா?"

"இருக்கும்மா. விபத்துக்குத் தனியா இருக்கு."

"பாத்தியாடி. விழுந்தா எழுதிக்க இடம் இருக்கு. ஏறினா எழுதத்தான் இடம் இல்ல."

அதிகாரி சிரித்துவிட்டார். பிறகு ஒரு வெள்ளைத் தாளை என் பக்கம் நகர்த்தினார்.

"ஒரே ஒரு வழி இருக்கும்மா. கடிதத்துல இருக்கிறது கற்பனைன்னு ஒரு வரி எழுதிக் குடுங்க. ஃபைலை மூடிடுறேன். அவரு திங்கக்கிழமை வண்டி ஏறிடலாம். உண்மைன்னு எழுதினீங்கன்னா மேல அனுப்பித்தான் ஆகணும். நாற்பது செகண்டு இருக்கு பாருங்க, அதை நான் மறைக்க முடியாது."

நான் பேனாவை எடுக்கவில்லை. ஐந்து நிமிடம் வெளியே போய்விட்டு வருகிறேன் என்றேன்.

7

நடையில் கிடந்த பெஞ்சில் பொறுமை உட்கார்ந்திருந்தார். சீருடை இல்லாமல் அவரைப் பார்த்தபோது யாரோ போல இருந்தது. எழுந்து நின்றார்.

"பெரியம்மா, முட்டி எப்படி இருக்கு?"

அக்கா அன்றைக்கு மூன்று வயதுக் கணக்கை எடுக்கவில்லை.

நான் மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன். அவர் விடவில்லை.

"விடுங்கக்கா. மெமோவோட உங்க லெட்டர் காப்பியும் வந்துச்சு. மெமோவைத் தூக்கி ஓரமா வச்சுட்டு, லெட்டரை அலமாரிக் கதவுல ஒட்டியிருக்கேன். என் வீட்டுக்காரி தினமும் படிச்சுட்டுத் திட்டுறா. ஊருக்கெல்லாம் சுடுதண்ணி பிடிச்சுக் குடுக்குற, வீட்டுல ஒரு டம்ளரை நகத்தி வைக்கமாட்டேங்கிறியேன்னு."

"இப்ப எங்க போட்டிருக்காங்க?"

"ஸ்டோர்ல. போர்வை மடிக்கிறேன். அங்க ஜன்னலே இல்லக்கா."

அதிகாரி சொன்னதைச் சொன்னேன். கற்பனை என்ற சொல்லைக் கேட்டதும் அவர் முகம் சுருங்கியது. தன் உள்ளங்கையைப் பார்த்தார்.

"எழுதிக் குடுத்துடுங்க," என்றார் கடைசியில். "எனக்கு வண்டி வேணும். ஆனா அந்தப் படி கற்பனை இல்லக்கா. ஒவ்வொரு ஆணியும் நான் அடிச்சது."

முப்பத்தொரு வருடமும் அதற்கு முன்னால் பள்ளியிலும் நான் ஒரு பொய்யான வரி எழுதியதில்லை. அந்தப் பெருமை என்னுடையது. ஜன்னல் அவருடையது. உள்ளே போய் எழுதினேன்: "கடிதத்தில் கண்டவை யாவும் கற்பனை." அதன் கீழே, கேட்காமலே இன்னொரு வரி சேர்த்தேன்: "இவ்வாக்குமூலம் எண் 212-க்கு மட்டுமே பொருந்தும்."

8

கற்பனை என்று எழுதிக் கொடுத்தாயிற்று. சரி, கற்பனைக்கு என்ன விதி? எந்த அதிகாரி கதைக்கு மெமோ கொடுக்க முடியும்? அதனால்தான் இதை எழுத உட்கார்ந்தேன். கடிதத்தில் எண் போடத் தெரியாமல் விட்டதையும் இப்போது தாராளமாகச் சேர்ப்பேன்.

எண் 5. நேரம் குறிக்கவில்லை. பாலம் தாண்டிய பிறகு ஒரு பெரிய வளைவு வரும். பொறுமை ஓடிவந்து, "இப்ப வலது பக்கம் பாருங்க, நம்ம என்ஜினை நாமே பாக்கலாம்" என்றார். பார்த்தோம். நாங்கள் ஏறியிருக்கும் வண்டியே எங்களுக்கு முன்னால், வெயிலில், யாரோ வேறு ஆட்கள் போகிற வண்டி மாதிரி அழகாக வளைந்துகொண்டிருந்தது. திரும்பினால் எங்கள் தலைகளுக்கு நடுவே அவர் தலை. பதினான்கு வருடமாக அதே வண்டியில் போகிறவர். எங்களைவிட அதிகமாகக் குனிந்திருந்தார்.

இதை எந்தப் பதிவேட்டில் ஏற்றுவீர்கள்?

9

முடிவுக்கு வந்துவிட்டோம். என்னிடம் மூன்று இருந்தன.

ஒன்று: அதிகாரியே ஒருநாள் அந்த வண்டியில் பயணம் செய்கிறார், அவருக்குக் கால் வலிக்கிறது— அடித்துவிட்டேன். அவர் கால் நன்றாகத்தான் இருக்கிறது.

இரண்டு: பயணிகள் நூறு பேர் நன்றிக் கடிதம் எழுதுகிறார்கள். அக்காவுக்குப் படித்துக் காட்டினேன். "நூறு பேர் எழுதினா நூறு மெமோடி. அவனை உயிரோட விடு," என்றாள்.

மூன்று: பொறுமை வேலைக்குத் திரும்புகிறார். கதவைத் திறக்கிறார். விதிப்படி போர்வை, விதிப்படி தலையணை. எங்களைப் பார்த்தும்—

இந்த வாக்கியத்தை என்னால் முடிக்க முடியவில்லை. திங்கட்கிழமை அவர் வண்டி ஏறிவிட்டார் என்று தகவல் வந்த நாளிலிருந்து என் பயம் இதுதான். வேலையைக் காப்பாற்றிக் கொடுத்த என் கடுதாசிப் புத்தி, அந்த மனிதரைப் பயமுறுத்தி வைத்திருந்தால்?

அதனால் போய்ப் பார்ப்பது என்று முடிவு செய்தோம்.

10

சென்ற வியாழக்கிழமை. பகல். எங்கள் நிலையம். பிளாட்பாரம் தாழ்கிற அதே கோடியில் நானும் அக்காவும் நின்றோம். ஒரு அடிகூட உயர்த்தவில்லை. அதற்கும் எழுதியிருக்கிறேன், பதில் இல்லை. மருமகன் பையை வைத்துக்கொண்டு, "இந்த உயரத்துல பெரியத்தை எப்படி ஏறுவாங்க?" என்றார்.

"ஏறுவேன்," என்றாள் அக்கா. "இல்லைன்னா விபத்து ரிஜிஸ்டர்ல என் பேரை எழுதிக்கட்டும்."

வண்டி வந்தது. ஏழாம் பெட்டி எங்களுக்கு நேராக நின்றது. கதவு திறந்தது. உள்ளே சீருடையின் கை தெரிந்தது.

இதற்குப் பிறகு நடந்ததை நான் எழுதமாட்டேன். அன்று நான் கொடுத்த வாக்குமூலம் எண் 212-க்கு மட்டும்தான் பொருந்தும் என்று நானே எழுதிவைத்திருக்கிறேன். படி இருந்தது என்று எழுதினால் அது ஆதாரம். இல்லை என்று எழுதினால் அதுவும் ஒரு புகார். இரண்டுக்கும் அவர்களிடம் இடம் இருக்கிறது. என்னிடம் மணி இல்லை, நிமிடம் இல்லை. அன்று கைக்கடிகாரத்தைக் கழற்றி வீட்டிலேயே வைத்துவிட்டுப் போனேன்.

உங்களுக்குத் தெரிந்தே ஆகவேண்டும் என்றால் டிக்கெட் எடுத்து ஏழாம் பெட்டியில் ஏறிப் பாருங்கள். போகிற ஊரில் வேலை எதுவும் இருக்கக்கூடாது, அது முக்கியம். பாலம் தாண்டியதும் வலது பக்கம் குனியுங்கள். அங்கே என்ன பார்த்தாலும் தயவுசெய்து யாருக்கும் கடிதம் எழுதிவிடாதீர்கள்.

அக்கா ஏறிவிட்டாள். அதற்கு மேல் கேட்காதீர்கள்.