வரிசையில் வந்த சொல்

ஞாயிற்றுக்கிழமைகளில் நாங்கள் ஐந்து பேர் கடலோரச் சாலையில் சைக்கிள் ஓட்டுவோம். ஒருவர் பின் ஒருவராக, ஒரே வரிசை. முன்னால் மாஸ்டர், பள்ளிக்கூடத்தில் விளையாட்டு சொல்லிக்கொடுப்பவர். அடுத்து, மருந்துக்கடை வைத்திருக்கும் என் மச்சினன். மூன்றாவது நான். எனக்குப் பின்னால் ஆஸ்பத்திரி நர்ஸ். எல்லோருக்கும் அவர் சிஸ்டர். கடைசியில் எலக்ட்ரீஷியன். அவர்தான் வால்.

மாஸ்டர் வைத்த சட்டம் ஒன்றுதான். முன்னால் போகிறவர் பார்ப்பதை ஒற்றைச் சொல்லாகக் கத்த வேண்டும். குழி. லாரி. நாய். கேட்டவர் அதையே பின்னால் கத்த வேண்டும். அந்தக் காற்றில் ஒரு சொல்லுக்கு மேல் தாங்காது. சொல்லைத் தவறவிடுகிறவருக்கு வரிசையில் இடமில்லை. காதில் பாட்டு மாட்டிக்கொண்டு வந்த ஒருவரை மாஸ்டர் பாதி வழியிலேயே திருப்பி அனுப்பியிருக்கிறார்.

சில மாதங்களாக எனக்கு இடது காது கேட்பதில்லை. ஒரு காலையில் வலப்பக்கமாக ஒருக்களித்துப் படுத்திருந்தேன். அலாரம் ஏன் இன்னும் அடிக்கவில்லை என்று புரண்டால், அடித்துக்கொண்டிருந்தது. மறுபடி வலப்பக்கம் படுத்தேன். நின்றுவிட்டது. பயம் பிறகுதான் வந்தது. முதலில், சுவிட்சைப் போட்டுப் போட்டு அணைக்கும் குழந்தையைப் போல, அலாரம் ஓயும்வரை இப்படியும் அப்படியும் புரண்டுகொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகு ஒலிகளுக்கு முகவரி இல்லாமல் போனது. மனைவி கூப்பிடுவது கேட்கும். எந்த அறையிலிருந்து என்று தெரியாது. இனித் திரும்ப வராது என்று டாக்டர் சொல்லிவிட்டார். உன் தம்பியிடம் மூச்சுவிடாதே என்று மனைவியைக் கேட்டுக்கொண்டேன். மற்றவர்களுக்குச் சந்தேகம் வரவில்லை. என்னைச் சாமியார் என்றுதான் கூப்பிடுவார்கள். எதைக் கேட்டாலும் நிதானமாகப் பதில் சொல்கிறவன், அல்லது சொல்லாமலே விடுகிறவன். மனிதர்களோடு இருந்துகொண்டே பேசாமலும் இருக்க எனக்குக் கிடைத்த ஒரே இடம் அந்த வரிசை. அதை விட மனமில்லை.

அன்று பாறையை வெட்டிப் போட்ட வளைவைத் தாண்டும்போது முன்னாலிருந்து சொல் வந்தது. கல். நானும் "கல்!" என்று கத்தினேன். தலையைக் குனிந்து, சாலையை அங்குலம் அங்குலமாகப் பார்த்துக்கொண்டே வளைவைக் கடந்தேன். கல் எதுவும் தட்டுப்படவில்லை.

டீக்கடையில் சைக்கிள்களைச் சாய்த்ததும் மாஸ்டர் முகமெல்லாம் மலர்ந்து நின்றார்.

"பாத்தீங்களா? எவ்ளோ பெருசு!"

"எங்க மாஸ்டர்? கண்ணு வலிக்கத் தேடினேன், ஒண்ணுகூட இல்ல" என்றார் எலக்ட்ரீஷியன்.

"ஒண்ணா? கூட்டமா இருந்துச்சேய்யா!"

"கூட்டமாவா? அப்ப நான் விழுந்திருக்கணுமே."

"எப்படிக் குதிச்சுது பாத்தீங்கல்ல?" என்றான் மச்சினன்.

எலக்ட்ரீஷியன் டீயைக் கீழே வைத்தார். "தம்பி, கல்லு குதிச்சுதா?"

"எந்தக் கல்லு? டால்பின்! கரைக்குப் பக்கத்துலயே!"

"அட, நீங்க எல்லாரும் கல்லுன்னுதானே கத்தினீங்க!"

"நான் கடல்னு கத்தினேன்" என்றார் மாஸ்டர்.

"நானும் கடல்னுதான் கத்தினேன்" என்றான் மச்சினன்.

"எனக்கு சிஸ்டர் சொன்னது கல்."

"எனக்குச் சாமியார் சொன்னது கல்" என்றார் சிஸ்டர்.

நான் டீயைக் குடித்துக்கொண்டிருந்தேன். காற்றின் மேல் பழியைப் போட்டிருக்கலாம். அப்படித்தான் செய்ய நினைத்தேன். ஆனால் எல்லோரும் திடீரென்று என்னையே பார்த்தார்கள். எதற்கென்று புரியவில்லை.

என் இடப்பக்கம் நின்றிருந்த சிஸ்டர் சுற்றி வந்து எதிரில் நின்றார். "உங்க டீயில எறும்பு மிதக்குதுன்னு ரெண்டு தடவை சொல்லிட்டேன். நீங்க பாட்டுக்குக் குடிக்கிறீங்க. எப்பலேருந்து இப்படி?"

சொல்லிவிட்டேன்.

"அக்காவும் சொல்லலயே மாமா!" என்றான் மச்சினன். மாஸ்டர் கடலைப் பார்த்தபடியே கேட்டார்.

"இன்னிக்கு டால்பின் போச்சு, பரவால்ல. நாளைக்கு லாரின்னா?"

"வாலா வரட்டுமே. அவருக்குப் பின்னால யாரு இருக்கா? வெறும் காத்துதானே" என்றார் எலக்ட்ரீஷியன்.

"வாலுக்குத்தான் பொறுப்பு அதிகம்யா. இனிமே சொல்லு வந்து சேர்ந்ததுக்கு வால் 'சரி'ன்னு குரல் குடுக்கணும். இல்லன்னா நான் நிறுத்திடுவேன்." மாஸ்டர் என் பக்கம் திரும்பினார். "திரும்பிப் போறப்ப வாலா வாங்க. ரெண்டு தடவை பொறுத்துக்கறேன். மூணாவது தடவையும் நிறுத்த வெச்சீங்கன்னா, அடுத்த வாரம் வராதீங்க."

சிஸ்டருக்குப் பின்னால் கடைசி ஆளாகக் கிளம்பினேன். வலது காதைத் தீட்டிக்கொண்டு ஓட்டினேன். அதில் காற்று மட்டும்தான் இருந்தது. கொஞ்ச தூரத்தில் வரிசை நின்றது. எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அப்புறம் இன்னொரு முறை நின்றது. மாஸ்டர் இரண்டு விரலைத் தூக்கிக் காட்டினார். அது திட்டுவதைவிட மோசமாக இருந்தது.

அதற்குமேல் கேட்க முயற்சி செய்யவில்லை. எதிரில் சிஸ்டரின் முதுகு இருந்தது. ஒரு சொல் வந்து சேரும்போது மனித முதுகு என்ன செய்யும் என்று எனக்குள் ஒரு கேள்வி எழுந்தது. வேறு எதையும் பார்க்காமல் அதையே பார்த்தேன். பின்னால் திரும்பிக் கத்துவதற்கு முன் ஒரு மூச்சு இழுத்தாக வேண்டும். அப்போது சட்டை விலாப்பக்கம் விம்முகிறது. லாரி என்றால் தோள் இடப்புறம் சாய்கிறது. குழி என்றால் கழுத்து உள்ளே போகிறது. ஒரு தடவை இரண்டு முழங்கைகளும் விறைத்தன, கால்கள் மிதிப்பதை நிறுத்தின. அடுத்த நொடி மணல் வந்தது. ஒவ்வொன்றுக்கும் "சரி!" என்று கத்தினேன். வரிசை போய்க்கொண்டே இருந்தது. இத்தனை வருடம் இவர்களோடு ஓட்டியும் ஒருவருடைய முதுகையும் நான் பார்த்ததில்லை என்பது வியப்பாக இருந்தது.

சட்டை மறுபடி விம்மியது. முழங்கைகள் விறைத்தன.

"சரி!" என்றேன்.

சிஸ்டர் வேகத்தைக் குறைத்து வலப்பக்கமாகத் தலையைத் திருப்பினார். "இருங்க சாமியாரே, நான் இன்னும் கத்தவே இல்ல!"

"மணல்தானே?"

அவர் முன்னால் திரும்பினார். சக்கரத்துக்குக் கீழே சாலை மெத்தென்றது.