வழியில் போட்ட புல்கட்டு

சரக்குப் போக்குவரத்தை மதிப்பிட ஒரு குழு வந்து போனால் போதும், எங்கள் ஊர் தின்சாவா, பாலைவனத்துக்குள் இன்னும் இருபது கிலோமீட்டர் தள்ளிப் போய்விடும். முதல் குழு போன பிறகு லாரிக்காரர்கள் அரை நாள் தேடி ஊரைக் கண்டுபிடித்தார்கள். இரண்டாம் குழுவுக்குப் பின், டீசலுக்குக் கட்டாது என்று லாரியே நின்றுபோனது. அயிர் மலையிலிருந்து கம்பு கொண்டுவந்து, உப்பும் பேரீச்சையும் ஏற்றிப் போகும் கபிதினின் எழுபது ஒட்டகங்கள்தான் மிச்சம்.

மூன்றாம் குழு ஐந்து வெள்ளைக் கார்களில், பத்துப் பேருக்கு ஒரு லாரித் தண்ணீர்ப்புட்டியோடு, நாங்கள் சிக்கனமாக இருக்கிறோமா என்று பார்க்க வந்தது. கபிதின் மலையிலிருந்து வரும்போது ஒவ்வொரு தங்கலிலும் புல்கட்டுகளைப் போட்டுவிட்டு வருவான். திரும்பும்போது ஒட்டகங்களுக்கு அதுதான் தீனி. திருடன்கூட அதைத் தொடமாட்டான். குழுத்தலைவர் துவாலுக்கு அந்த அளவு விவரம் போதவில்லை.

“பாதிப் புல் வழியிலேயே சிந்துதுப்பா. எல்லாம் சேதாரம்.”

“சிந்தலைங்க ஐயா, வெச்சிட்டு வந்தேன்.”

“கவலைய விடு, ஒண்ணு விடாம பொறுக்கிட்டு வந்துட்டோம்.”

பொறுக்கியதை ஊருக்குத் தானமாகவும் கொடுத்தார். எங்கள் ஆடுகள் மதியத்துக்குள் தின்று தீர்த்தன. எழுதினவன் ஏட்டைக் கெடுத்தான் என்பது சும்மாவா? குழு கிளம்பியது, ஊர் வழக்கம்போல நகர்ந்தது, கபிதின் தலையில் கைவைத்து உட்கார்ந்தான். தீனியில்லாமல் பதினோரு நாள் எந்த ஒட்டகம் நடக்கும்?

ஊருக்குக் கம்பு அளந்து கொடுக்கும் யாகனா வந்து நின்றாள். “நாப்பது நாளைக்குத்தான் கம்பு இருக்கு. நீ போய்த் திரும்பலேன்னா எம்புள்ளைங்க மண்ணத்தான் திங்கணும். எந்திரிய்யா.”

“எதப் போட்டு நடத்துறது?”

இரண்டாம் குழுவின் அறிக்கையை மூன்றாம் குழு எங்களுக்கு அன்பளிப்பாக இறக்கிவிட்டுப் போயிருந்தது. முந்நூறு பக்கம், நானூறு பிரதி, ஊரில் ஒருவரும் படிக்க முடியாத மொழி. யாகனா ஒன்றைப் பிரித்து ஒட்டகத்தின் முன் போட்டாள். அது அட்டையோடு தின்றது.

தின்ற ஒட்டகங்களுக்குப் பதினோரு நாளும் பசிக்கவில்லை. அவை தண்ணீர் கேட்கவில்லை, மணலில் தடம்கூடப் பதிக்கவில்லை. பாலைவனச் சரக்கு அப்படித்தான் போக வேண்டும் என்று அறிக்கையின் நூற்றுப்பன்னிரண்டாம் பக்கத்தில் எழுதியிருந்ததாக, அந்த மொழி தெரிந்த மலைக்காரர் ஒருவர் படித்துச் சொன்னாராம். முப்பத்தெட்டாம் நாள் கபிதின் கம்போடு வந்து சேர்ந்தான்.

அதன்பிறகு ஆறு குழுக்கள் வந்து போய்விட்டன. ஊர் எங்கோ இருக்கிறது. அறிக்கையும் அதற்கேற்பத் தடிக்கிறது. கபிதின் இப்போது புல்லுக்குப் பதில் அந்த அறிக்கைகளைத்தான் கட்டுக்கட்டாக வழியில் போட்டுவிட்டு வருகிறான். குழுக்காரர்கள் அந்தக் கட்டுகளைத் தாண்டித்தான் வருகிறார்கள். இதுவரை ஒருவரும் குனிந்து ஒன்றைக்கூட எடுத்துப் பார்த்ததில்லை.