நானூற்றுப் பன்னிரண்டாவது படம்

எனக்கு வாய் நீளம், கோபம் அதைவிட நீளம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். என் அக்காவின் வேலை போனபோது நான் திட்டாத ஆள் இல்லை. ஆஸ்பத்திரியைத் திட்டினேன், என் மேலாளரைத் திட்டினேன், பாவம், அக்காவையே திட்டினேன். கடைசியில் பார்த்தால் அந்த வேலையைப் போக்கியது நான்தான்.

அக்கா ஆஸ்பத்திரி ஆய்வகத்தில் பத்தொன்பது வருடம் ரத்தம் பரிசோதித்தவள். நுண்ணோக்கியில் கண்ணை வைத்துவிட்டால் பக்கத்தில் இடி விழுந்தாலும் திரும்ப மாட்டாள். அந்தக் கண்தான் ஓரத்திலிருந்து மங்க ஆரம்பித்து, மெல்ல மெல்ல நடுவுக்கு வந்து, போன வருடம் சுத்தமாக அணைந்தது. விழித்திரையில் கோளாறு, இனி செய்வதற்கு ஒன்றும் இல்லை என்று டாக்டர் கையை விரித்தார். அக்கா அழவில்லை. நான்தான் ஆஸ்பத்திரி வராந்தாவில் ஊரைக் கூட்டி அழுதேன்.

"நீ எதுக்குடி அழற வாயாடி? மூக்கைச் சிந்தித் தொலை, சத்தம் கேக்குது" என்றாள்.

ஆஸ்பத்திரி அவளை உடனே வீட்டுக்கு அனுப்பவில்லை. ஆய்வகத்தில் தகவல் மேசை என்று ஒன்று உண்டு. வார்டுகளிலிருந்து நாள் முழுக்க போன் வரும். இந்தப் பரிசோதனைக்கு எந்தக் குழாயில் ரத்தம் எடுக்கணும், ரிப்போர்ட் இப்படி வந்திருக்கே, மறுபடி எடுக்கணுமா என்று கேட்பார்கள். அதற்குக் காதும் அனுபவமும் போதும். ஆனால் அந்த நாற்காலியில் உட்கார ஒரு சான்றிதழ் வேண்டும். இணையத்தில் மூன்று மாதப் படிப்பு, முடிவில் ஒரு தேர்வு, ஒரே ஒரு வாய்ப்பு. தேறினால் மேசை, தேறாவிட்டால் வீடு. அக்காவுக்கு வீட்டில் சும்மா உட்காருவது என்றால் என்னவென்றே தெரியாது.

அந்தப் படிப்பை நடத்தும் இணையதளம் எங்கள் நிறுவனத்துடையது. அதன் பக்கங்களைக் கட்டுகிறவர்களில் நானும் ஒருத்தி.

எங்கள் மேலாளருக்கு எங்களுக்குள் 'பச்சை' என்று பெயர். எந்த வேலையாக இருந்தாலும் பட்டியலில் அதற்கு எதிரே பச்சைக் குறி விழுந்தால் போதும் அவருக்கு. அக்கா படிப்பில் சேருவதற்குக் கொஞ்சம் முன்னால், பார்வையில்லாதவர்கள், காது கேளாதவர்கள், கை வழங்காதவர்கள் எல்லாரும் தடையில்லாமல் படிக்கும்படி தளத்தை மாற்ற வேண்டும் என்று மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது. நல்ல உத்தரவுதான். அதைச் சோதிக்க ஒரு மென்பொருளும் வந்தது. அது ஒவ்வொரு பக்கமாகத் துழாவி எங்களுக்கு நூற்றுக்கு நாற்பத்து மூன்று போட்டது.

பெரிய குறை படங்கள். ஒவ்வொரு படத்துக்குப் பின்னாலும் அதில் என்ன இருக்கிறது என்று ஒரு வரி எழுதிவைக்க வேண்டும். பார்க்கிறவர்களுக்கு அந்த வரி தெரியாது. பார்வையில்லாதவர்களின் கணினி அதை வாய்விட்டுப் படித்துச் சொல்லும். எங்கள் தளத்தில் நானூற்றுப் பதினோரு படங்களுக்கு அந்த இடம் காலி.

"எப்பம்மா முடியும்?" என்றார் பச்சை.

"ஒவ்வொண்ணா பாத்து எழுதணும் சார். ஒரு மாசமாவது ஆகும்."

"வெள்ளிக்கிழமை மேலிடத்துல பாக்கப்போறாங்க. ஒரு மாசமாம்! எப்படியாவது முடிம்மா."

எப்படியாவது என்று சொன்னது அவர், செய்தது நான். அந்த மென்பொருள் இடம் நிரம்பியிருக்கிறதா என்று மட்டும்தான் பார்க்கும். என்ன எழுதியிருக்கிறது என்று படிக்காது. எங்கள் தொழிலில் இது எல்லாருக்கும் தெரிந்த விஷயம். பத்து வரியில் ஒரு நிரல் எழுதினேன். எங்கெல்லாம் காலியோ அங்கெல்லாம் 'படம்' என்று நிரப்பு, அவ்வளவுதான். தேநீர் ஆறுவதற்குள் வேலை முடிந்தது. நூற்றுக்கு நூறு.

'அப்புறம் சரியாக எழுத வேண்டும்' என்று ஒரு மஞ்சள் சீட்டில் எனக்கு நானே எழுதி மேசையில் ஒட்டிக்கொண்டேன். நாலு மாதம் அது அங்கேயே ஒட்டிக்கொண்டிருந்தது.

பச்சை கேக் வெட்டினார். தளத்தின் எல்லாப் பக்கங்களின் அடியிலும் பெருமையாக ஒரு முத்திரை ஏறியது. மறுநாள் மதிப்பெண் தொண்ணூற்றொன்பதுக்கு இறங்கிவிட்டது என்று பச்சை பதறிக்கொண்டு ஓடிவந்தார். நிரலை இன்னொரு முறை ஓட்டினேன். மறுபடி நூறு. அதோடு அதை மறந்தேன்.

அக்கா கணினியைக் காதால் பழகிக்கொண்டாள். திரையில் இருப்பதைப் படித்துச் சொல்லும் அந்தக் குரலுக்கு நாத்தனார் என்று பெயர் வைத்தாள். "ஒண்ணு விடாம சொல்லிக்காட்டுறாடி, மூச்சுகூட விடமாட்டேங்குறா" என்பாள். மடிக்கணினித் திரையின் வெளிச்சத்தை முழுக்கக் குறைத்து வைத்திருந்தாள். யாருக்காக எரியணும் என்று கேட்டாள். நாத்தனாரின் வேகத்தைக் கூட்டிக் கூட்டி, எனக்கு ஒரு சொல்கூடப் பிடிபடாத வேகத்தில் பாடம் கேட்டாள். எனக்குத் தலைகால் புரியாத பெருமை.

ஒருநாள் போன் செய்தாள்.

"ஆஸ்பத்திரில கேக்கறாங்கடி. பரீட்சை அன்னிக்குப் பக்கத்துல உக்காந்து படிச்சுச் சொல்ல ஒரு ஆள் தரட்டுமான்னு. என்ன சொல்லட்டும்?"

"உனக்கு எதுக்குக்கா ஆளு? நூத்துக்கு நூறு வாங்கின தளம், நானே பண்ணது. கண்ணு தெரிஞ்சவங்களைவிட நீ வேகமா எழுதுவ பாரு."

"நெஜமாவா?"

"ஏன், என்மேல நம்பிக்கை இல்லையா?"

நான் பொய் சொல்ல வேண்டும் என்று சொல்லவில்லை. அந்த நொடியில் அந்த நிரல் எனக்கு நினைவுக்கே வரவில்லை. அதுதான் இன்னும் கேவலம். அக்கா படிவத்தில் ஆள் தேவையில்லை என்று தன் வீட்டுக்காரரை, எங்கள் மாமாவை, எழுதச் சொல்லிக் கையெழுத்துப் போட்டாள். தங்கச்சி கட்டின தளம் என்று ஆய்வகம் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தாளாம். இதை மாமா பிற்பாடு சொன்னார்.

நடுவில் ஒருமுறை, "உங்க பாடத்துல ரொம்பப் படம் வருதுடி" என்றாள். "ஆமாக்கா, பாக்க அவ்வளவு அழகா இருக்கும்" என்றேன். பாடங்களில் படத்துக்குக் கீழேயே விளக்கமும் இருந்ததால் அவளுக்குக் குறை தெரியவில்லை. நான் பேச்சை மாற்றி மாமாவின் இருமலைப் பற்றி விசாரித்தேன்.

தேர்வில் நாற்பது கேள்வி, ஒரு மணி நேரம், தேற இருபத்தெட்டு வேண்டும். அக்கா இருபத்தாறு எடுத்தாள்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? திட்டினேன். "ரெண்டு மார்க்குல கோட்டை விட்டுட்டியே! பத்தொன்பது வருஷம் பாத்த வேலைக்கா! ராத்திரி பகலா அந்த நாத்தனாரோட என்னத்தைத்தான் படிச்ச?" என்று போனில் கத்தினேன். அவள், "படிச்சது பத்தலடி" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை அவள் வீட்டுக்குப் போனேன். விடைத்தாளைத் திறந்து பார்க்கும் அனுமதி எனக்கு உண்டு. எங்காவது திருத்தியதில் தப்பு இருந்தால் ஆஸ்பத்திரிக்கு எழுதிப் போடலாம் என்று நினைத்தேன். என் போனில் திறந்தேன். படமில்லாத கேள்விகள் இருபத்திரண்டு எழுதியிருந்தாள், இருபத்திரண்டும் சரி. படம் உள்ளவை பதினாலு. அதில் நாலுதான் சரி. கடைசி நாலு கேள்விகளைத் திறக்கவே இல்லை. அதற்குள் நேரம் முடிந்திருந்தது.

"நீ எவ்வளவு வேகமா கேப்ப! எப்படிக்கா நேரம் பத்தாம போச்சு?"

"எங்கயோ வீணாப் போச்சு, விடு" என்றாள்.

பதினேழாம் கேள்வியை அவளுடைய மடிக்கணினியிலேயே திறந்தேன். திரை கறுப்பாக இருந்ததால் நானும் காதால்தான் கேட்க வேண்டியிருந்தது. எனக்காக நாத்தனாரின் வேகத்தைக் குறைத்தாள். ரத்த அணுக்களை எண்ணுவதற்கு எந்தக் குழாயில் ரத்தம் எடுக்க வேண்டும் என்று குரல் கேட்டது. பிறகு விடைகளைச் சொன்னது. ஒன்று, படம். இரண்டு, படம். மூன்று, படம். நான்கு, படம்.

இன்னொரு கேள்வியைத் திறந்தேன். அதிலும் படம், படம், படம்.

"தியேட்டர்லகூட இத்தனை படம் ஓடாதுடி" என்று சிரித்தாள் அக்கா. என்னைச் சிரிக்கவைக்கப் பார்த்தாள்.

"நீ ஏன் புகார் எழுதல? அன்னிக்கே எழுதியிருந்தா மறுபடி எழுத விட்டிருப்பாங்களே! ஏன்கா வாயை மூடிட்டு இருந்த?"

"நீதான் பண்ணேன்னு சொன்னியே. நான் எழுதிப் போட்டு, உன் வேலைக்கு ஏதாவது ஆயிடுச்சுன்னா? வீட்டுல ஒருத்தி சும்மா இருக்கறது போதாதா?"

நான் திட்டுவதற்கு அந்த அறையில் யாரும் மிச்சமில்லை.

திங்கட்கிழமை பச்சையிடம் போய் எல்லாவற்றையும் கொட்டினேன். நான் செய்தது மோசடி, அந்தத் தேர்வை ரத்து செய்யுங்கள், முத்திரையை எடுங்கள் என்றேன். கதவைச் சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தார். "கொஞ்சம் மெதுவா பேசும்மா. நாமளே தப்புன்னு சொன்னா நாளைக்கு எத்தனை பேர் கேப்பாங்க? அடுத்த தடவை தளத்தை மாத்தும்போது சரி பண்ணிடலாம்" என்றார். நான் நேராக ஆஸ்பத்திரிக்கே கடிதம் எழுதினேன், என் பெயரைப் போட்டே எழுதினேன். பத்து நாளில் பதில் வந்தது. தேர்வருக்கு உதவியாளர் தருவதாகத் தெரிவித்தோம், அவரே எழுத்துமூலம் வேண்டாம் என்றுவிட்டார், தகவல் மேசைக்கு வேறொருவர் நியமிக்கப்பட்டுவிட்டார் என்று இருந்தது. அக்காவின் பொருள்களை ஒரு அட்டைப் பெட்டியில் போட்டு மாமாவிடம் கொடுத்தனுப்பினார்கள். அவளுடைய வெள்ளை அங்கி மேலே மடித்து வைத்திருந்தது.

அதற்குப் பிறகு ஞாயிறுதோறும் காலையில் அக்கா வீட்டுக்குப் போனேன். யாரும் சொல்லவில்லை, நானே வரித்துக்கொண்ட வேலை. நானூற்றுப் பன்னிரண்டு படங்களுக்கும் ஒவ்வொன்றாக எழுத வேண்டும். எனக்குப் பக்கம் கட்டத் தெரியும், ரத்தத்தைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாது. நான் கண்ணில் படுவதைச் சொல்வேன், அதில் எது முக்கியம் என்று அவள் சொல்வாள்.

"சிவப்பா வட்ட வட்டமா இருக்குக்கா. சிலது வளைஞ்சிருக்கு."

"எப்படி வளைஞ்சிருக்கு? அரிவாள் மாதிரியா, இல்ல சும்மா நசுங்கியிருக்கா?"

"அரிவாள் மாதிரி."

"ஓரம் கூரா இருக்கா பாரு, அவசரப்படாதே. ஆங், அதை எழுது. பின்னணி என்ன கலர்னெல்லாம் எழுதாதே, யாருக்கு வேணும்?"

பழைய அக்கா திரும்பி வந்துவிடுவாள் அந்த நேரத்தில். கழுத்தை முன்னால் நீட்டிக்கொள்வாள், நுண்ணோக்கிக்கு நீட்டுவது போலவே. நான் அதைக் கவனித்ததாகக் காட்டிக்கொள்ளாமல் அடுத்த படத்துக்குப் போவேன்.

ஒன்பதாவது ஞாயிறு, தேர்வுப் படங்களுக்கு வந்தோம். அக்கா துணி மடித்துக்கொண்டிருந்தாள். பதினேழாம் கேள்விக்கு நான்கு குழாய்கள். மூடியின் நிறம்தான் வித்தியாசம். சிவப்பு, நீலம், ஊதா, பச்சை என்று சொல்லி முடிக்கக்கூட விடவில்லை.

"ஊதா. மூணாவது" என்றாள். "இதையாடி கேட்டாங்க? இதை நான் தூக்கத்துல எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேனே!"

பதினாலு கேள்விகளையும் கேட்டேன். பதினாலும் சரி. அவள் எண்ணிக்கொண்டிருந்தாளா என்று எனக்குத் தெரியாது. நான் எண்ணினேன்.

"அவ்வளவுதானா?"

"இன்னும் ஒண்ணே ஒண்ணு, நானூத்திப் பன்னெண்டாவது. அது கேள்வி இல்லக்கா. எல்லாப் பக்கத்துக்கும் அடியில ஒரு முத்திரை போட்டிருக்கோம், அதோட படம்."

துணி மடிக்கிற கை நின்றது.

"பரீட்சைலயும் இருந்துச்சா அது? ஒவ்வொரு கேள்விக்கும் கீழ?"

"ஆமா."

"அதுதானா அது!" என்றாள். மெதுவாகத்தான் சொன்னாள். "ஒவ்வொரு கேள்வியும் முடிஞ்சதும் நாத்தனார் இன்னொரு தடவை படம்னு சொன்னாடி. கேள்வியோட சேந்ததுன்னு நினைச்சேன். அதுல ஏதாவது முக்கியமா இருந்து, நான் பாட்டுக்குப் பதில் போட்டா தப்பாயிடுமேன்னு மேலயும் கீழயும் போய்ப் போய்க் கேட்டேன். ஒவ்வொரு கேள்விலயும் கேட்டேன். அங்கதான் நேரம் போச்சு." கையிலிருந்த சட்டையை மடியில் வைத்தாள். "என்னதான்டி இருக்கு அதுல?"

சொல்லாமல் இருந்திருக்கலாம். ஏதாவது பூ, இலை என்று சொல்லியிருக்கலாம். அவளிடம் இன்னொரு பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

"'இது எல்லோருக்குமான தளம்'னு எழுதியிருக்குக்கா."

அக்கா அந்தச் சட்டையால் முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். கண் போன அன்றைக்கு அழாதவள், வெள்ளை அங்கி பெட்டியில் வந்த அன்றைக்கு அழாதவள், தோள் குலுங்கக் குலுங்க அழுதாள். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். என்ன அடக்கியும் முடியாமல் மூக்கைச் சிந்தினேன். சத்தம் கேக்குது என்று அவள் சொல்லவில்லை.