பலகைக்கு விலை படியவில்லை

"லாஸ்ட் பிரைஸ் சொல்லுங்க ப்ரோ."

ஐம்பத்தாறு வயதில் என்னை ப்ரோ என்று அழைத்த முதல் ஆள் அவர்தான். முகம் தெரியாது. முகம் இருக்க வேண்டிய வட்டத்துக்குள் ஒரு சிங்கம் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தது. பதினெட்டாயிரம் என்று விளம்பரத்திலேயே போட்டிருக்கிறேனே, கீழே 'பேரம் கிடையாது' என்றும் எழுதியிருக்கிறேனே என்று பதில் அனுப்பினேன். சிங்கம் கொஞ்ச நேரம் யோசித்தது.

"ரெண்டாயிரம் ஓகேவா ப்ரோ?"

விற்பனைக்கு வந்த பொருள் ஒரு சர்ஃப் போர்டு. அலை வரும்போது அதன் மேல் ஏறி நின்றுகொண்டு கரைக்கு வருவார்களே, அந்தப் பலகை. என்னைவிட உயரம். வெள்ளை நிறம், ஓரத்தில் நீலக் கோடு. என் மகள் சிநேகாவுடையது. மறைமலைநகரில் வேலை பார்த்த காலத்தில், மாமல்லபுரத்தில் சர்ஃபிங் கற்றுக்கொடுக்கும் ஒருவரிடம் செகண்ட் ஹேண்டாக இருபத்திரண்டாயிரத்துக்கு வாங்கினாள். கடல் வாடைகூட வராத சிங்கப்பெருமாள் கோயிலில், எங்கள் வீட்டு ஹாலில், டி.வி.க்குப் பக்கத்தில் சாய்ந்து நிற்கிறது. வீட்டுக்கு வருகிறவர்கள், "கதவு மாத்தப் போறீங்களா?" என்று விசாரித்துவிட்டுத்தான் காபி குடிப்பார்கள்.

என் தாத்தா ஏர் ஓட்டினார். அப்பா டிராக்டர் ஓட்டினார். தீனதயாளனாகிய நான் கம்பெனிக்கு ஆள் ஏற்றிப்போகும் பஸ் ஓட்டுகிறேன். மகள் அலையை ஓட்டினாள். எங்கள் வம்சத்தில் யாருக்கும் ஒரு இடத்தில் உட்காரத் தெரியாது. அவளுக்கு என்னைவிடவும் தெரியாது. இப்போது நொய்டாவில் வேலை பார்க்கிறாள்.

போன மாதம் போனில் சொன்னாள்: "அப்பா, அந்த போர்ட வித்துடுபா. சும்மா எடத்த அடைச்சிகினு கீது. நான் இனிமே எங்க..."

'இனிமே எங்க'வுக்குப் பிறகு ஏதாவது வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. "சரிம்மா" என்றேன். நான் கெட்டிக்காரத்தனமாகப் பேசிய வாக்கியங்களில் அதுவும் ஒன்று.

முன்பெல்லாம் ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸுக்கு லீவு. எனக்கு லீவு இல்லை. பலகையை பஸ் சீட்டுகளுக்கு இடையிலுள்ள நடுவழியில் கிடத்திவிட்டு, செங்கல்பட்டு, திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரத்துக்கு அவளைக் கூட்டிப்போவேன். நாற்பது சீட்டும் காலி. ஆனால் அவள் சீட்டில் உட்கார மாட்டாள். என் பக்கத்தில், என்ஜின் பானட் மேல் கால் மடக்கி உட்கார்ந்துகொண்டு, கிளம்பின நிமிஷத்திலிருந்து பேசுவாள். மேனேஜர் எப்படி மூக்கை உறிஞ்சுவான், கேன்டீன் சாம்பாரில் எதைத் தேடினாலும் ஏன் கிடைப்பதில்லை, நான் ஏன் ஹாரன் அடித்தே பதில் சொல்கிறேன், எல்லாம் பேசுவாள். திருக்கழுக்குன்றத்தில் ஆரம்பித்த ஒரு கதை கடற்கரை வந்தும் முடியாமல், திரும்பும்போது அதே ஊரில் முடிந்திருக்கிறது.

கடலில் அவள். கரையில் அவள் செருப்பையும் துண்டையும் பிடித்துக்கொண்டு நான். பலகை மேல் எழுந்து நிற்கும்போது முட்டியை மடக்க வேண்டும் என்று ஒருநாள் சொல்லித் தொலைத்தாள். அன்றிலிருந்து அந்தக் கடற்கரைக்கு நான்தான் கோச். "முட்டிய மடி! முட்டிய மடி!" என்று அலைக்கு மேல் கத்துவேன். முழங்காலுக்கு மேல் நான் கடலில் இறங்கியதே கிடையாது.

இப்போது தினமும் போன் வரும்.

"சாப்டியாப்பா?"

"சாப்ட்டேன். நீ?"

"சாப்ட்டேன். வெச்சிடட்டா?"

அவ்வளவுதான். மேனேஜர் உண்டா, அவனுக்கு மூக்கு உண்டா, ஒன்றும் தெரியாது.

சரி, விற்கச் சொல்லிவிட்டாள். வண்டி விற்கிறவன் முதலில் என்ன செய்வான்? பாலிஷ் போடுவான். பலகையின் மேல்புறம் பார்க்கச் சகிக்கவில்லை. பழுப்பாக, பிசுபிசுவென்று ஏதோ ஒட்டிக்கொண்டு, அதில் மணலும் தலைமுடியும். இப்படியா ஒரு வண்டியை வைத்திருப்பது என்று மனதுக்குள் அவளைக் கடிந்துகொண்டே மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்து, சுரண்டி, அதன்மேல் பஸ் பாலிஷ் போட்டு, பனியன் துணியால் தேய்த்தேன். குனிந்து பார்த்தால் என் முகம் தெரிந்தது. அதை மட்டும் பாலிஷ் போட்டு ஒன்றும் செய்ய முடியவில்லை.

பலகையின் முன் நுனியில் ஒரு சிவப்புக் கறை மட்டும் போகவில்லை. அது ஆயுத பூஜையில் பஸ்ஸுக்கு வைக்கும்போது இதற்கும் நான் வைத்த குங்குமம். சக்கரம் இல்லாத வண்டிக்கு எலுமிச்சம்பழத்தை எங்கே வைத்து நசுக்குவது என்று அன்றைக்குக் குழம்பியதில், சிநேகா ஒரு மணி நேரம் சிரித்தாள்.

படம் எடுத்துப் போட்டேன். மக்கள் வந்தார்கள்.

ஒருவர் பரோட்டாக் கடைக்குப் பெஞ்சாக ஆகுமா என்று கேட்டு ஆயிரத்து ஐநூறு சொன்னார். ஒருவர் அயர்ன் கடைக்கு மேசை என்றார், எண்ணூறு. ஒருவர் பணமாகக் கிடையாது, ஓடாத ஃபிரிட்ஜ் ஒன்று இருக்கிறது, எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். நுனியில் இருப்பது டேமேஜா என்று ஒருவர் கேட்டார். "அது பொட்டு" என்றேன். "பொட்டுக்கு ஐநூறு கொறச்சிக்கலாமா?" என்றார். குறைத்துக் கேட்டவர்கள் எல்லாரையும் குடும்பத்தோடு திட்டிப் பதில் எழுதினேன். சிங்கத்துக்கு மட்டும் மூன்று பதில்.

என் மனைவி பூங்கொடி வெங்காயம் உரித்துக்கொண்டே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"யோவ், விக்கறதுக்குப் போட்டியா, சண்ட போடறதுக்குப் போட்டியா?"

"இருபத்திரண்டாயிரம் பொருளுக்கு ரெண்டாயிரம் கேக்கறான்டி."

"பதினெட்டே குடுத்தாலும் நீ இன்னா சொல்லுவேன்னு எனுக்குத் தெரியும். விக்க மனசு இல்லன்னா பொண்ணுகிட்ட சொல்லிட்டுப் போயேன்."

"எனக்கென்ன? எடத்த அடைக்குது, அவளே சொன்னா."

"அவ போனதிலேர்ந்து இந்த வூட்ல எடந்தான் ஜாஸ்தியா கீது" என்றாள். வெங்காயம் அன்றைக்குக் காரம் அதிகம். இரண்டு பேருக்கும்.

அதற்குப் பிறகுதான் ஜோஷ்வாவின் மெசேஜ் வந்தது. நெம்மேலியில் கடல் தண்ணீரைக் குடிதண்ணீராக்கும் நிலையத்தில் ஷிஃப்ட் வேலை. "தினமும் கடல பைப்லயே பாத்துகினு கீறேண்ணே, ஒருநாளாவது மேல ஏறி நிக்கணும்" என்று எழுதியிருந்தார். ஆறாயிரம்தான் முடியும் என்றார். திட்டுவதற்கு விரல் எழும்பியது. அடுத்த வரியில், "டிரையல் பாக்கலாமா?" என்றிருந்தது.

அங்கே விழுந்தேன். ஓட்டிப் பார்க்காமல் வண்டி வாங்குகிறவனை நான் மனிதனாகவே மதிப்பதில்லை. இவன் மனிதன்.

ஞாயிறு காலை, நாற்பது காலி சீட்டோடு மாமல்லபுரம் போனேன். பானட் மேல் ஒரு துண்டு மட்டும் இருந்தது. பழக்கதோஷத்தில் எடுத்து வைத்துவிட்டேன். ஜோஷ்வா முப்பது வயது இருக்கும், ஒல்லி, மீசைக்கு இப்போதுதான் அனுமதி கிடைத்த மாதிரி முகம். கற்றுக்கொடுக்கிறவர்களின் ரப்பர் பலகையில் இரண்டு வகுப்பு போயிருக்கிறாராம். சர்ஃபிங் கூட்டத்திலிருந்து தள்ளி, ஆள் இல்லாத பக்கமாகக் கூட்டிப்போனார்.

"பாக்கறவன் சிரிப்பாண்ணே."

"நான் பாக்கறனே?"

"நீங்க விக்கற பார்ட்டி. சிரிக்க மாட்டீங்க."

செருப்பையும் துண்டையும் என்னிடம் கொடுத்துவிட்டு இறங்கினார். அலை வந்தது. பலகை மேல் கை ஊன்றி எழுந்தார். எழுந்த வேகத்திலேயே கால் சறுக்கி, வாழைத்தோல் மேல் கால் வைத்தவர் மாதிரி மறுபக்கம் போய் விழுந்தார். திரும்ப ஏறினார். திரும்ப விழுந்தார். என் வாய் என்னைக் கேட்காமலே திறந்துகொண்டது.

"முட்டிய மடி! ஏய், முட்டிய மடிப்பா!"

கத்திய பிறகுதான் கவனித்தேன். கையில் யாருடையதோ செருப்பு. அவர் துண்டாலேயே முகத்தைத் துடைத்துக்கொண்டேன். உப்புக்காற்று என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மூக்கிலும் காதிலும் மணலோடு ஜோஷ்வா வெளியே வந்தார். "அண்ணாத்த, தப்பா எடுத்துக்காதீங்க. போர்டுல ஏதோ ஃபால்ட்டு கீது. கால் நிக்கவே மாட்டேங்குது. ஆறு ஜாஸ்தி. அஞ்சு போட்டுக்கலாம்."

ஃபால்ட்டா! என் கையால் பாலிஷ் போட்ட வண்டியில் ஃபால்ட்டா! உடனே சிநேகாவுக்கு வீடியோ கால் போட்டேன். தலையணைக் கோடு விழுந்த முகத்தோடு, ஸ்வெட்டருக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தாள்.

"இன்னாபா காலீலயே? அம்மா நல்லா கீதா?"

"நல்லா கீது. உன் போர்டுல ஃபால்ட்டுன்றாரு ஒருத்தர். நீயே கேளு."

அவள் அதைக் கேட்கவில்லை. என் தோளுக்குப் பின்னால் பார்த்தாள்.

"அப்பா, கடல்லயா கீற?"

"ஆமா. பார்ட்டி டிரையல் கேட்டாரு."

"போனத் திருப்பு."

திருப்பினேன். அவளிடமிருந்து சத்தமே இல்லை. சிக்னல் போய்விட்டது என்று நினைத்தேன்.

"ஹலோ? கேக்குதா?"

"கேக்குது. கம்முனு இருபா."

கம்மென்று நின்றேன். அலை வந்து, உடைந்து, நுரையாகித் திரும்பிப் போனது. இன்னொன்று வந்தது. கை வலித்தது, இறக்கவில்லை. ஜோஷ்வா நல்ல பிள்ளை. காதிலிருந்த மணலை எடுத்துக்கொண்டு அந்தப் பக்கம் பார்த்தபடி நின்றார்.

கடைசியில், "போர்டக் காட்டு" என்றாள். காட்டினேன். வெயிலில் அது கண்ணைக் கூச வைத்தது.

"இன்னாபா இது, இப்பிடி மின்னுது?"

"பாலிஷ்" என்றேன் பெருமையாக. "மேல பூரா அழுக்கு. மண்ணெண்ண போட்டு எடுத்துட்டு, நம்ம பஸ் பாலிஷ்."

போனை மூக்கருகே கொண்டுபோய்ப் பார்த்தாள்.

"அப்பா! அது அழுக்கு இல்லபா! மெழுகு! கால் வழுக்காம இருக்கறதுக்கு நான் தேச்சித் தேச்சி ஏத்துனது! யாராச்சும் சர்ஃப் போர்டுக்குப் பஸ் பாலிஷ் போடுவாங்களாபா?"

பிறகு சிரித்தாள். எலுமிச்சம்பழத்துக்குச் சிரித்த அதே சிரிப்பு. நடுவில் மூச்சு வாங்கி, "மண்ணெண்ண!" என்று ஒருதரம் சொல்லி, மறுபடி முதலிலிருந்து சிரித்தாள். இதற்காக நான் வீட்டிலுள்ள எல்லாவற்றையும் பாலிஷ் போடத் தயார்.

"அப்ப தப்பு என் மேல இல்லியா?" என்று ஜோஷ்வா கேட்டார். கண்ணில் நீர் தளும்பியது. "நான் பொறந்ததே வேஸ்ட்டுன்னு நெனச்சிட்டேங்க."

பெட்டிக்கடையில் மெழுகுவர்த்தி வாங்கி வந்தோம். நானும் ஜோஷ்வாவும் மணலில் மண்டியிட்டுத் தேய்க்க, துண்டின் மேல் சாய்த்து வைத்த போனிலிருந்து சிநேகா அதிகாரம் பண்ணினாள். "வட்டமா தேய்பா. தோச ஊத்தறா மாதிரி. அழுத்தாத! அண்ணா, பின்னாடி காலு வெக்கற எடத்துல இன்னும் போடுங்க." நொய்டா மேனேஜர் மூக்கை உறிஞ்சுவதில்லை, பெருமூச்சு விடுகிறாராம். தேய்த்து முடிப்பதற்குள் அது தெரிந்துவிட்டது.

ஜோஷ்வா மறுபடி இறங்கினார். "முட்டிய மடி!" என்று கரையிலிருந்து நானும் நொய்டாவிலிருந்து அவளும் கத்தினோம். ஒரு கணம் நின்றார். நின்றோம் என்ற ஆச்சரியத்திலேயே விழுந்தார்.

வெளியே வந்தவரைச் சிநேகா நேராகப் பிடித்தாள். "எவ்ளோ கேட்டீங்கண்ணா?"

"ஆறுங்க. இல்ல, அஞ்சு."

"அஞ்சா! அப்பா, எடுத்து பஸ்ல வை. அஞ்சாயிரத்துக்கு அந்தக் காலுல கட்டற கயிறுகூட வராது. அண்ணா, அடுத்த சண்டே வந்து ஒழுங்கா நில்லுங்க, அப்புறம் வெல பேசலாம். அப்பா, கால் பண்ணு, நான் பாக்கணும்." மறுபடி என் தோளுக்குப் பின்னால், கடல் இருக்கும் பக்கம் பார்த்தாள். பிறகுதான் வைத்தாள்.

ஜோஷ்வா தலையைத் துவட்டிக்கொண்டே என்னிடம் வந்தார்.

"அண்ணாத்த, உண்மையச் சொல்றேன். எனுக்குப் புடிச்சிடுச்சி. பதினஞ்சுக்கு முடிச்சிக்கலாமா? கடன்கிடன் இல்ல, சேத்து வெச்சிருக்கேன்."

நல்ல விலை. இத்தனை நாள் இதற்குத்தானே ஊரிலுள்ளவனை எல்லாம் திட்டினேன். செருப்பை அவரிடம் நீட்டினேன்.

"வேணாம் தம்பி. கொறச்சிக் கேளு."

"இன்னாது?"

"இப்பத்திக்கு ஏத்தாத. ஞாயித்துக்கெழம ஞாயித்துக்கெழம வா. இஷ்டத்துக்கு ஓட்டு. ஆனா வெலைய மட்டும் கொறச்சே கேளு."

"எவ்ளோ கொறச்சிண்ணே?"

"அவளுக்குக் கோவம் வரணும். அந்த அளவுக்கு."

ஜோஷ்வா என்னைப் பார்த்தார். போனைப் பார்த்தார். "நம்ம அம்மாவும் தூரத்துல, கிருஷ்ணகிரியிலதாண்ணே கீது" என்றார், சம்பந்தம் இல்லாத மாதிரி. பிறகு, "நாலாயிரத்துக்கு மேல ஒரு பைசா தர முடியாது" என்று சத்தமாகச் சொல்லிவிட்டுப் போனார்.

திரும்பும்போது பலகை நடுவழியில் கிடந்தது. கையெல்லாம் மெழுகு, ஸ்டீயரிங் பிசுபிசுத்தது. திருக்கழுக்குன்றம் தாண்டும்போது பானட் மேல் இருந்த போன் அடித்தது. ஓரம் கட்டினேன்.

"சாப்டியாப்பா?"

"இல்லம்மா. வூட்டுக்குப் போயிதான். நீ?"

"சாப்ட்டேன்."

வைத்துவிடுவாள் என்று காத்திருந்தேன்.

"அப்பா, கடைசியா அந்த ஆளு எவ்ளோக்கு வந்தாரு?"

"நாலுக்கு எறங்கிட்டாம்மா" என்றேன்.

"நாலா! இன்னாபா அநியாயம் இது? நீ இன்னா சொன்ன? ஒண்ணுஞ் சொல்லியிருக்க மாட்ட, எனுக்குத் தெரியும், அன்னிக்குப் பைக் விக்கும்போதும் இப்பிடித்தான்..." என்று ஆரம்பித்தாள்.

நான் என்ஜினை அணைத்தேன்.